வளர்வது வேறு, வளர்ப்பது வேறு

"2600 வருஷத்துக்கு முன்னாடியே நானோ டெக்னாலஜி தெரிஞ்சவன் தமிழன். உண்மைத் தமிழனா இருந்தா பகிரவும்."

இந்த மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு மூணு பேர் அனுப்பினாங்க. நான் ஒருத்தருக்கும் அனுப்பலை. அதனால நான் உண்மைத் தமிழனாங்கற வழக்கு இப்ப நிலுவையில இருக்கு. தீர்ப்பு வர்றதுக்குள்ள என் தரப்பு வாதத்தை எழுதி வெச்சுடறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். அந்த மெசேஜ் முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிடலாம். 2020ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் உள்பக்கத்தில் இருக்கிற கறுப்புப் பூச்சை ராமன் நிறமாலை, எலக்ட்ரான் நுண்ணோக்கி எல்லாம் வைத்துப் பார்த்ததில் கார்பன் நானோகுழாய்கள் தெரிந்தன என்று எழுதியிருந்தார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 6ஆம் நூற்றாண்டு. மனிதர் செய்த பொருட்களில் கிடைத்த நானோ அமைப்புகளில் இதுவே மிகப் பழசு, இதற்கு முன் தெரிந்தவை எல்லாம் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் என்பது அவர்கள் வாதம்.

சரி, குழாய் இருந்தது. ஒத்துக்கறேன், சந்தோஷமும் படறேன். ஆனா 'இருந்தது'க்கும் 'தெரிஞ்சிருந்தது'க்கும் நடுவுல ஒரு வைகையே ஓடுது. நம்ம மெசேஜ் அதை ஒரே தாவலா தாண்டிடுது. அப்படித் தாவலாமா கூடாதான்னு சொல்லணும்னா, இந்தக் குழாய் எப்படி வளருதுன்னு கொஞ்சம் பார்த்தாகணும். பயப்படாதீங்க, சமன்பாடெல்லாம் வராது.

பென்சில் முனையில் இருக்கிற கிராஃபைட் ஒரு அடுக்குப் பலகாரம் மாதிரி. அதுல ஒரே ஒரு அடுக்கை மட்டும் பிரிச்சா, தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமா கார்பன் அணுக்கள் கோத்த ஒரு தாள் கிடைக்கும். அந்தத் தாளைச் சுருட்டின வடிவம்தான் நானோகுழாய். ஒற்றைச் சுவர்க் குழாய்னா அகலம் சுமார் 1 நானோமீட்டர். ஒரு தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர். அதாவது முடியோட குறுக்குல இதுமாதிரி 80,000 குழாயைப் பக்கத்துல பக்கத்துல படுக்க வைக்கலாம்.

ஆனா 'தாளைச் சுருட்டினால் குழாய்'ங்கறது வடிவத்தைப் புரிஞ்சுக்கத்தான். வளர்றது அப்படி இல்லை. யாரும் முதல்ல பாய் விரிச்சு அப்புறம் சுருட்டறதில்லை. கூடை முடையறதைப் பார்த்திருக்கீங்களா? முதல்ல அடியைப் போடுவாங்க. அப்புறம் ஓரத்தை வளைச்சு மேல தூக்கி, சுத்திச் சுத்திப் பின்னப் பின்ன சுவர் ஏறும். அடி எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் கூடை. நானோகுழாயும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

தேவையான பொருட்கள் மூணு. மீத்தேன், எத்திலீன் மாதிரி கார்பன் இருக்கிற ஒரு வாயு. 600லிருந்து 1000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு. அப்புறம் சில நானோமீட்டர் அளவில் பொடிப்பொடியா இரும்பு, இல்லேன்னா கோபால்ட், நிக்கல். வாயு அந்த இரும்புப் பொடி மேல பட்டதும் உடையும். ஹைட்ரஜன் பறந்துடும், கார்பன் இரும்போட ஒட்டிக்கும், உள்ளேயும் கரையும். ஒரு கட்டத்துக்கு மேல இரும்பால தாங்க முடியாது. பாகு முத்திப் போனா ஓரத்துல சர்க்கரை பூத்து வருமே, அந்த மாதிரி கார்பன் வெளியே வந்து இரும்போட மேல்தோல்ல அறுகோண வலையாப் பின்னிக்கும்.

வெறும் அறுகோணங்களா இருந்தா அந்த வலை தட்டையாத்தான் கிடக்கும். உருண்டையான துகள் மேல தொப்பி மாதிரி வளையணும்னா நடுநடுவே ஐங்கோணம் வேணும். பழைய கால்பந்தை ஞாபகப்படுத்திக்கோங்க. அதுல கறுப்பா இருக்கிற ஐங்கோணங்கள் மொத்தம் 12. பாதிப் பந்துக்கு 6. நானோகுழாயோட மூடிக்கும் அதே கணக்கு, 6 ஐங்கோணம். ஆறாவது வந்து சேர்ந்ததும் தொப்பி முடிஞ்சது. அதுக்கப்புறம் வெறும் அறுகோணமா வந்தா சுவர் நேரா ஏறும். நடுவுல ஒரு ஐங்கோணமும் ஒரு எழுகோணமும் எதிரெதிர்ப் பக்கமா நுழைஞ்சுட்டா குழாய் முழங்கை மாதிரி மடங்கும். அதே தப்பு ஒழுங்கான இடைவெளியில திரும்பத் திரும்ப நடந்தா ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளா வரும். தப்புலயும் ஒரு ஒழுங்கு இருந்தா அழகுதான் போலிருக்கு.

புது அணுக்கள் எல்லாம் வந்து சேர்றது குழாயும் இரும்பும் தொட்டுக்கிட்டு இருக்கிற விளிம்புலதான். இரும்புத் துகள் தரையோட ஒட்டிக்கிட்டு இருந்தா குழாய் நகம் வளர்ற மாதிரி அடியிலிருந்து நீளும். தரைப் பிடிப்பு கம்மியா இருந்தா குழாய் அந்தத் துகளையே நுனியில் தூக்கிக்கிட்டு மேல போகும். துகள் 1, 2 நானோமீட்டரா இருந்தா ஒற்றைச் சுவர். பெருசா இருந்தா குழாய்க்குள்ள குழாயாப் பல சுவர். கடைசியில் தேவையில்லாத கரி அந்தத் துகளை மூடிடும், அதோட வளர்ச்சி நின்னுடும். 2004ல் ஜப்பான்ல கென்ஜி ஹாட்டா குழுவினர் வாயுவோட துளியூண்டு நீராவியைக் கலந்தாங்க. அது அந்த வேண்டாத கரியைத் துடைச்சுக்கிட்டே இருந்ததால குழாய்கள் 10 நிமிஷத்துல 2.5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காடு மாதிரி வளர்ந்துச்சு. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 நானோமீட்டர் அகலக் குழாய்னு வெச்சுக்கிட்டா, இந்த வேகத்துல ஒரு குழாயோட விளிம்புல நொடிக்குச் சுமார் 5 லட்சம் அணுக்கள் வந்து உட்காரணும். மேஸ்திரி கிடையாது, நூல் பிடிச்சுப் பார்க்க ஆள் கிடையாது. தானா நடக்குது.

அந்தத் 'தானா'ங்கற வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கோங்க. என் வழக்கே அதுலதான் நிக்குது.

கார்பன், சூடு, பொடி அளவு உலோகம். இந்த மூணும் ஒண்ணாக் கூடற இடத்துல எல்லாம் நானோகுழாய் வளர வாய்ப்பு இருக்கு. சில சமயம் உலோகம்கூட வேண்டாம். அமெரிக்காவுல லாரன்ஸ் மர் குழுவினர் மீத்தேன், புரோபேன் சுடர்ல இருந்து வர்ற புகைக்கரியிலேயே பல சுவர்க் குழாய்களைக் காட்டினாங்க. அதே குழு 2004ல் கிரீன்லாந்தில் தோண்டி எடுத்த சுமார் 10,000 வருஷப் பழைய பனிக்கட்டிக்குள்ளேயும் பார்த்திருக்கு. 2015ல் வந்த ஒரு ஆய்வு, பாரிஸ் நகரத்துல ஆஸ்துமா இருக்கிற குழந்தைகளோட மூச்சுப்பாதையில நானோகுழாய் இருக்குன்னு சொல்லிச்சு. அதே மாதிரிதான் அந்த ஊர் வண்டிகளோட புகைக்குழாய்லயும் இருந்துதாம்.

இப்ப சொல்லுங்க. பாரிஸ்ல கார் ஓட்டறவங்களை எல்லாம் நானோ விஞ்ஞானின்னு யாராவது சொல்றோமா? கிரீன்லாந்துப் பனிக்கு விருது கொடுக்கறோமா? அப்புறம் நம்ம குயவருக்கு மட்டும் ஏன் அந்தச் சட்டையைப் பிடிச்சு மாட்டி விடறோம்?

செம்மண்ணுக்குச் சிவப்பு வர்றதே இரும்பு ஆக்சைடால. சூளையில் சூடு இருக்கு. செடிச்சாறோ வேறு ஏதோ பச்சைப்பொருளோ பூசியிருக்கலாம்னு அந்தக் கீழடிக் கட்டுரையிலேயே ஊகிச்சிருக்காங்க. ஆக கார்பனும் இருக்கு. மூணு பொருளும் ஒரே இடத்துல. குழாய் வளர்ந்திருந்தா அதுல ஆச்சரியம் இல்லைங்கறது என் கட்சி. 2600 வருஷம் அழியாம இருந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கண்ணால பார்த்தவங்களுக்கே தெரியாமப் போன கதையும் இருக்கு. 1889லேயே அமெரிக்காவுல ரெண்டு பேர், இரும்பு மூசையில் வாயுவைச் சூடாக்கிக் கரி இழை வளர்க்கறதுக்குக் காப்புரிமை வாங்கியிருக்காங்க. அந்த இழைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பார்க்க அப்ப எலக்ட்ரான் நுண்ணோக்கியே கிடையாது. 1952ல் சோவியத் விஞ்ஞானிகள் ராடுஷ்கேவிச்சும் லுக்யனோவிச்சும் உள்ளீடற்ற கரிக்குழாய்களைப் படமே எடுத்து ரஷ்ய இதழ்ல போட்டாங்க. உலகம் கண்டுக்கலை. 1976ல் ஓபர்லின், எண்டோ, கொயாமா படம் போட்டாங்க. அதுக்கும் பெரிய சத்தம் இல்லை. 1991ல் ஜப்பானின் சுமியோ இஜிமா 'நேச்சர்' இதழ்ல எழுதினப்பத்தான் ஊர் கூடிச்சு. காரணம், அவர் சுவருக்குள் சுவரா எத்தனை இருக்கு, அறுகோணங்கள் எந்தச் சாய்வுல சுத்துதுன்னு அணு அளவுல பிரிச்சுச் சொன்னார். பார்த்தது பெருசில்லை, என்னன்னு சொன்னதுதான் பெருசு.

அந்தச் சாய்வுதான் இந்தக் கதையோட வில்லன். கட்டம் போட்ட தாளை நேராகவும் சுருட்டலாம், கோணலாகவும் சுருட்டலாம் இல்லையா? அறுகோணத் தாளும் அப்படித்தான். எந்தக் கோணல்னு சொல்ல ரெண்டு முழு எண் போதும், (12,6) மாதிரி. ஒரு எண்ணிலிருந்து இன்னொண்ணைக் கழிச்சா வர்ற விடை மூணால மிச்சமில்லாம வகுபட்டா அந்தக் குழாய் உலோகம் மாதிரி மின்சாரத்தைக் கடத்தும். வகுபடலைன்னா குறைகடத்தி. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அதே கார்பன், அதே அறுகோணம். முடைஞ்ச கோணம் கொஞ்சம் மாறினா ஒண்ணு கம்பி, இன்னொண்ணு டிரான்சிஸ்டர்!

சாதாரணமா அடுப்புல போட்டு எடுத்தா மூணுல ஒரு பங்கு உலோகம், ரெண்டு பங்கு குறைகடத்தின்னு கலந்துகட்டி வரும். கணினிச் சில்லு செய்யறவங்களுக்கு இது தலைவலி. அதனால முறத்துல போட்டுப் புடைக்கிற மாதிரி வளர்ந்த பிறகு பிரிச்சு எடுக்கறாங்க. வளரும்போதே கோணத்தைக் கட்டுப்படுத்த 1990களிலிருந்து மோதிக்கிட்டு இருக்காங்க. 2014ல் பீக்கிங் பல்கலைக்கழகத்துல டங்ஸ்டனும் கோபால்ட்டும் கலந்த துகளை வெச்சு (12,6) வகையை 92 சதவீதத்துக்கு மேல கொண்டு வந்தாங்க. அதே வருஷம் சுவிட்சர்லாந்துல இன்னொரு குழு, தட்டையான ஒரு மூலக்கூறைப் பிளாட்டினத்து மேல வெச்சுச் சூடாக்கி, அது தானா மடங்கிக் குழாயோட மூடியா மாறற மாதிரி செஞ்சு (6,6) வகையை வளர்த்தாங்க. கூடைக்கு அடியை முதல்லயே போட்டுக் கொடுத்துட்டாங்க, அவ்வளவுதான். கழிச்சுப் பாருங்க, இது ரெண்டுமே உலோக வகை. டிரான்சிஸ்டருக்கு ஆகாது! 2019ல் எம்.ஐ.டி.யில் 14,000க்கு மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்களை வெச்சு ஒரு சில்லு செஞ்சாங்க. அதுல உலோகக் குழாய் கொஞ்சம் கலந்திருந்தாலும் கெடாத மாதிரி சுற்றையே மாத்தி வடிவமைச்சதுதான் சாமர்த்தியம். உங்க கைப்பேசியில இருக்கிற சிலிக்கான் சில்லுல டிரான்சிஸ்டர் எண்ணிக்கை பல நூறு கோடி.

ஆக, நானோகுழாய் வளர்வது ரொம்ப சுலபம். வளர்ப்பது ரொம்பக் கஷ்டம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் நானோ டெக்னாலஜி. அந்த மெசேஜ் எழுதினவருக்கு இந்த ஒரு 'ப்' கண்ணுல படலை.

"ஏம்ப்பா, டமாஸ்கஸ் வாள் கதையும் இருக்கே, அதுக்கு என்ன சொல்றே?"ன்னு கேப்பீங்க. சொல்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்சதும், ரொம்ப வலிக்கிறதும் அந்தக் கதைதான்.

2006ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பீட்டர் பவுஃப்ளர் குழுவினர் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றிலிருந்து துண்டு எடுத்து, அமிலத்தில் கரைத்துப் பார்த்தார்கள். நானோகுழாய்கள் தெரிந்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்த வாள்களுக்கு மூலப்பொருள் தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கு. 'வூட்ஸ்' என்று வெள்ளைக்காரர்கள் சொன்னது. இரும்பை மண் மூசைக்குள் போட்டு, கூடவே ஆவாரங்குச்சியும் எருக்க இலையும் வைத்து, வாயை மண்ணால் மூடி உலையில் வைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் நம்ம பக்கத்து உருக்கு வேலையை எழுதி வைத்த ஹீத் இந்த ஆவாரை, எருக்கு விவரத்தைக் குறித்திருக்கிறார். டிரெஸ்டன் குழுவும் இதே செடிகளைப் பேசுகிறது. ரோட்டோரம் சும்மா முளைச்சுக் கிடக்கிற எருக்கு!

அது நானோகுழாய்தானா என்பதிலேயே ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளருக்குச் சந்தேகம். இரும்புக் கார்பைடே கம்பி மாதிரி உருவாகக்கூடியதுதானே என்றார். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வாளின் அலைக்கோடுகளைப் பற்றி அவர் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து பல வருஷம் வேலை செய்து சொன்னதுதான் எனக்கு முக்கியம். தாதுவில் இயற்கையாக இருந்த மிகச் சிறிய அளவு வனேடியம் போன்ற கலப்புகள்தான் அந்தக் கோடுகளுக்குக் காரணம் என்கிறார்கள். அந்தத் தாது கிடைக்காமல் போனதும் வாளும் போச்சு என்பது அவர்கள் விளக்கம். கொல்லர் எப்பவும் போல அதே மாதிரிதான் செஞ்சிருப்பார். அதே சூடு, அதே சுத்தியல். ஆனா அந்த வாள் மட்டும் வரலை. ஏன் வரலைன்னு கண்டுபிடிக்க அவருக்கு வழியே கிடையாது. நினைச்சுப் பாருங்க, அப்பாவும் தாத்தாவும் செஞ்ச வேலை, தன் கைப்பிழை எதுவுமே இல்லாம, தன் கண் முன்னாடியே கெட்டுப் போறது எப்பேர்ப்பட்ட துக்கம்!

'தெரியும்'ங்கறதுக்கு என்ன விலைன்னு எனக்குப் புரிஞ்சது இந்த இடத்துலதான். நல்லா வர்ற வரைக்கும் செய்முறை போதும். வராமப் போற அன்னிக்குத்தான் 'ஏன்'ங்கறது வேணும்.

"இன்னிக்கு விஞ்ஞானிக்கு மட்டும் எல்லாம் தெரியுமா?"ன்னா, தெரியாது. குழாய் வளரும்போது இரும்புத் துகள் திடமா திரவமாங்கறதுலயே ரொம்ப காலம் சண்டை போட்டாங்க. அவங்களும் பாதி நேரம் கைப்பக்குவத்துலதான் சமைக்கிறாங்க. மைக்கேல் ஃபாரடேயே 1819ல் நம்ம வூட்ஸ் உருக்கை ஆராய்ந்து, அலுமினாவும் சிலிக்காவும்தான் அதோட ரகசியம்னு தப்பா முடிவு கட்டினார். ஆனா தப்பை எழுதி வெச்சார். அதனால பின்னாடி வந்தவங்க திருத்த முடிஞ்சது. நம்ம கொல்லர்கள் எத்தனை சோதனை பண்ணியிருப்பாங்க, எத்தனை தடவை தோத்திருப்பாங்க! ஆவாரைன்னா ஆவாரைதான்னு முடிவுக்கு வர்றதுக்கு எத்தனை செடியைப் போட்டுப் பார்த்திருப்பாங்க! அது ஒண்ணும் எழுத்துல இல்லை. எழுதத் தெரிஞ்ச கூட்டம் உலைக்களம் பக்கம் போய் உட்கார்ந்து கேக்கவே இல்லை. நம்ம பெருமை மெசேஜ் மறைக்கிறது இந்த வெக்கக்கேட்டைத்தான்.

இன்னொண்ணையும் அது மறைக்குது. குயவருக்கு நிஜமாவே என்ன தெரிஞ்சிருந்துதுங்கறதை.

கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பார்த்திருப்பீங்க. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகாமல் கறுத்தது, வெளியே காற்றுப் பட்டுச் சிவந்தது என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். ஒரே மண்ணு, ஒரே தீ. எங்கே காற்றை விடணும், எங்கே அடைக்கணும்னு முடிவு பண்ணி ரெண்டு நிறத்தை வரவழைச்சிருக்கார். ஒண்ணு ரெண்டு இல்லை, பானை பானையா. இது தற்செயல் இல்லை. வேணும்னு நினைச்சு, வேணுங்கிற இடத்துல, வேணுங்கிற மாதிரி வரவழைச்சது. அதாவது வளர்த்தது. நானோகுழாய் அவருக்குத் தெரியாம அவர் பானையில வளர்ந்தது. கறுப்பும் சிவப்பும் அவர் கைக்குக் கட்டுப்பட்டு வந்தது. இதுல எது அவரோட அறிவு?

தெரியாததைத் தெரிஞ்சிருந்ததாச் சொன்னா, தெரிஞ்சிருந்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க. கீழடிக்கு ஏற்கனவே சண்டைக்காரங்க நிறைய. அவங்களுக்கு நாமளே எதுக்கு அவல் எடுத்துக் கொடுக்கணும்? அந்த ஓடுகளை ஆராய்ஞ்சவங்க பானையில என்ன இருக்குன்னுதான் சொன்னாங்க, குயவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு சொல்லலை. அந்த நிதானம் பகிர்றவங்களுக்கும் இருந்தா நல்லது. இதைவிட முக்கியம், இதைப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடப் பையனோ பொண்ணோ 'எல்லாம் நம்மாளு அப்பவே முடிச்சுட்டான்'னு புத்தகத்தை மூடி வெச்சுடக் கூடாது. முடியலை. வேணுங்கிற கோணத்துல, கலப்பே இல்லாம, குழாயை வளர்த்துக் காட்டற வேலை இன்னும் பாக்கி இருக்கு. ஆவாரையும் எருக்கும் உலைக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு உட்கார்ந்து, ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்து, எழுதி வைக்கிற வேலையும் பாக்கி இருக்கு.

அதனால மெசேஜை இப்படி மாத்தித் தந்தா நானே முதல் ஆளாப் பகிர்றேன்: "2600 வருஷத்துக்கு முன்னாடி கீழடியில ஒரு குயவர், ஒரே பானையில உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் வர்ற மாதிரி காற்றைக் கட்டி ஆண்டார். எப்படின்னு நீயும் ஒரு பானை சுட்டுப் பாரு."

டிஸ்கி: கூடை உதாரணத்துல ஒரு ஓட்டை இருக்கு. கூடை முடையறவர் நினைச்சா கோணலைப் பிரிச்சுத் திரும்பப் பின்னலாம், நானோகுழாயில அந்த வசதி ரொம்பக் கம்மி. வேற நல்ல உதாரணம் தோணினா சொல்லுங்க, மாத்திடறேன்.